திதிலியாவின் தட்டு

எங்கள் தீவில், வுனிதிலோ ஊரில், பிரார்த்தனை இல்லாமல் எந்தக் காரியமும் தொடங்காது. ஒரு சமயத்தார் மட்டும் செய்தால் மற்றவர்களுக்கு முகம் சுருங்கிவிடும் என்பதால் ஆளுக்கொன்று செய்வார்கள். போன மழைக்காலத்தில் சந்தையில் புதிய கழிப்பறை கட்டித் திறந்தார்கள். மெதடிஸ்ட் போதகரைத் தலாதலா என்போம். தலாதலா இனோகே உலகம் படைக்கப்பட்ட நாளிலிருந்து ஆரம்பித்தார். பண்டிட் ராம்ஸுமேர் அதற்கும் முந்தைய யுகத்துக்குப் போய் அங்கிருந்து வந்தார். மௌல்வி தையப் சுருக்கமாக முடித்துக்கொள்வதாகச் சொல்லி, சுருக்கம் எவ்வளவு நல்ல குணம் என்பதை நீளமாக விளக்கினார். வந்திருந்தவர்களில் உண்மையான அவசரத்தோடு வந்த ஒருவர் கட்டடத்துக்குப் பின்பக்கம் போய்விட்டு வந்து, நிம்மதியாக ஆமென் சொன்னார்.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் தலைநகர் சுவாவிலிருந்து அந்த அறிவிப்பு வந்தது. ‘உலகின் பெருஞ்சமயங்கள்: ஓர் அறிமுகம்’ என்ற கண்காட்சியை ஒவ்வோர் ஊரும் நடத்த வேண்டும். ஆறு சமயம், ஆறு மேசை. துணையமைச்சர் நேரில் வந்து திறந்துவைப்பார்.

ஏற்பாட்டுக் குழுவுக்கு மெதடிஸ்ட் சபையின் தலாதலாதான் தலைவர். மண்டபம் சபையுடையது, நாற்காலிகளும் சபையுடையவை, ஊரிலேயே கனமான குரலும் அவருடையது. வெள்ளைச் சட்டை, இடுப்பில் சுற்றிய சாம்பல் நிறச் சுலு, கறுப்பு டை என்று அவர் நடந்து வந்தால் தெருநாய்கூட எழுந்து நிற்கும். குழுவினர் பாயில் வட்டமாக உட்கார்ந்து, நடுவே யங்கோனா என்ற போதை வேர்ச்சாற்றின் சட்டியை வைத்துக்கொண்டு, ஒரே சிரட்டையில் மாற்றி மாற்றிக் குடித்தபடி வேலையைப் பிரித்தார்கள். கிறிஸ்தவ மேசை தலாதலாவுக்கு. இந்து மேசை பண்டிட்ஜிக்கு. இஸ்லாம் மௌல்வி சாபுக்கு. சீக்கிய மேசை பஸ் முதலாளி குர்மேஜ் சிங்குக்கு. இதுவரை சிக்கல் இல்லை.

“யூத மதத்துக்கு யாரு?” என்றார் தலாதலா.

“இந்தத் தீவுல என் பஸ்ல ஏறாத ஆளே கிடையாது தலாதலா,” என்றார் குர்மேஜ் சிங். “யூதர் ஒருத்தர்கூட டிக்கெட் எடுத்ததா ஞாபகம் இல்ல.”

எல்லாருடைய பார்வையும் மெல்ல பாஸ்டர் சேமியின் பக்கம் திரும்பியது. சேமி ஏழாம் நாள் சபையைச் சேர்ந்தவர். யங்கோனா தொடமாட்டார், எலுமிச்சை இலைத் தேநீரோடு ஓரமாக உட்கார்ந்திருந்தார். கிறிஸ்தவ மேசை தனக்குக் கிடைக்காத வருத்தம் அந்தத் தேநீரை ஆறவைத்துக்கொண்டிருந்தது.

“சேமி, நீங்க சனிக்கிழமையானா ஒரு துரும்பை எடுத்து அந்தப் பக்கம் போட மாட்டீங்க,” என்றார் பண்டிட்ஜி. “பன்றி வேண்டாம்பீங்க. இறாலும் வேண்டாம்பீங்க. பாதி தூரம் நீங்களே போயாச்சு.”

“மீதிப் பாதி?”

“படிச்சுக்குங்க. இன்னும் நாள் இருக்கு.”

சேமி ஆறிய தேநீரை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு கேட்டார்: “மேசை சுவரோரமா, வாசல் பக்கமா?”

“வாசல் பக்கம்.”

“அப்ப சரி.”

பௌத்தத்துக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. ஊரில் ஒரே ஒரு சீனர்தான். மறுநாள் காலை ஐந்து பேரும் குர்மேஜ் சிங்கின் பஸ்ஸிலேயே போய், படகுத்துறைக்கு எதிரே லியோங் வா ஹின்னின் கடை வாசலில் இறங்கினார்கள். தூண்டில் முள், மண்ணெண்ணெய், டின் மீன், கொசுவர்த்தி, சுலுத் துணி எல்லாம் விற்கும் கடை.

“லியோங், நீங்க ஒரு பௌத்தர்,” என்று தலாதலா பட்டம் வழங்குவதுபோல அறிவித்தார்.

“அப்படியா?” லியோங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “யார் சொன்னா?”

“சுவாவிலேருந்து வந்த புத்தகத்துல இருக்கு. சீனர்கள் பௌத்தர்கள்.”

“எங்கப்பா என்கிட்ட சொல்லவே இல்லையே.”

கடையின் பின்சுவரில், தலையுயரத்தில் ஒரு சிவப்பு மாடம் இருந்தது. அதில் லியோங்கின் அப்பா சீனாவிலிருந்து கொண்டுவந்த சிவந்த முகத்துச் சாமி, இரண்டு ஆரஞ்சு, புகைந்துகொண்டிருந்த ஊதுவத்திகள். சாமிக்கு அருகிலேயே, சபைப் பாடகர் குழுவின் வெள்ளை உடையில் திதிலியா சிரித்துக்கொண்டிருந்தாள். லியோங்கின் மனைவி. போன புயல் காலத்தில் இறந்துபோனாள். படத்துக்கு முன்னால் ஒரு கோப்பைத் தேநீரும் ஒரு தட்டும் இருந்தன.

“இதோ, இதுவே போதும்!” என்றார் பண்டிட்ஜி. “இதை அப்படியே தூக்கிட்டு வந்து மேசை மேல வைங்க. மேலே எழுத வேண்டியதை நாங்க எழுதிக்கறோம்.”

லியோங் தட்டைப் பார்த்தார். வந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“வரேன். ஆனா ஒண்ணு கேக்கணும். நீங்கள்லாம் சாமி விஷயம் படிச்சவங்க. எனக்குத் தெரியாது. எங்க வீட்டு வழக்கப்படி தினமும் காலையில அவளுக்குச் சாப்பாடு வைக்கிறேன். அவ மெதடிஸ்ட். நான் வைக்கிறது சீன முறை. அது அவளுக்குப் போய்ச் சேருதா?”

வெளியே பஸ் ஓட்டுநர் ஹாரன் அடித்தார்.

“அவ உயிரோட இருந்தவரைக்கும் வச்ச தட்டுல ஒரு பருக்கை மிஞ்சாது. இப்ப சாயங்காலம் எடுக்கறப்போ வச்சது வச்சபடி இருக்கு. நானே எடுத்துச் சாப்பிடறேன். போகுதுன்னு சொல்லுங்க, வச்சுக்கிட்டே இருக்கேன். போகலைன்னா போகலைன்னு சொல்லிடுங்க. நிறுத்திடறேன். தெரியாம வைக்கிறதுதான் முடியல.”

தலாதலா தொண்டையைச் செருமினார். “இது ஆழமான கேள்வி. குழு இதைப் பரிசீலிக்கும்.”

குழு பரிசீலிக்கவில்லை. ஒவ்வொருவரும் மற்றவர்களுக்குத் தெரியாமல், ஏதோ வாங்க வந்தவர்போலத் தனித்தனியாகக் கடைக்கு வந்தார்கள்.

முதலில் வந்தவர் பண்டிட்ஜி. தீப்பெட்டி கேட்டார். “போகும் லியோங். சந்தேகமே வேண்டாம். எங்க முன்னோருக்கு நாங்களும் வைக்கிறோம். காக்கா வந்து எடுத்துட்டுப் போய்க் கொடுத்துடும்.”

“இந்த ஊர்ல காக்காவே இல்லையே பண்டிட்ஜி.”

பண்டிட்ஜி தெருவை இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அதான் சிக்கல். எங்க ஆளுங்களைக் கரும்பு வெட்டக் கப்பல்ல ஏத்தினான் வெள்ளைக்காரன். காக்காயை ஏத்தல. அதனால நாங்க மைனாவுக்கு வைக்கிறோம். தற்காலிக ஏற்பாடு. எங்க கொள்ளுத் தாத்தா காலத்துலேருந்து.” பிறகு தீப்பெட்டியை உள்ளங்கையில் உருட்டியபடியே நின்றார். “எங்கம்மாவுக்கு மைனாவே பிடிக்காது. சனியன் பிடிச்ச பறவைன்னு கல்லால அடிப்பாங்க. வருஷா வருஷம் அது வந்து கொத்தறப்போ எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருக்கும்.”

மௌல்வி சாப் சோப்பு வாங்க வந்தார். “சோறு போகாது லியோங் பாய். உண்மையைத்தான் சொல்லணும். போறவங்க பின்னாடி போறது தர்மம் மட்டும்தான். அவங்க பேரைச் சொல்லி ஒரு கிணறு வெட்டினா, அதுல குடிக்கிற ஒவ்வொருத்தரோட தாகமும் கணக்கு.”

“அவ வேற மதமாச்சே. அவளுக்கும் அது பொருந்துமா?”

மௌல்வி சாப் தாடியைத் தடவினார். “அதைக் கிதாபுல தேடிப் பாக்கணும். தேடாம இருக்கேன்.” போகும்போது கடை வாசலில் சொட்டிக்கொண்டிருந்த குழாயைப் பார்த்தார். “அந்தக் குழாயைச் சரி பண்ணி, ஒரு டம்ளரைக் கட்டித் தொங்கவிடுங்க. தண்ணி குடிக்கிறவன் மதம் கேட்டுக்கிட்டா குடிக்கிறான்?”

குர்மேஜ் சிங் எதையும் வாங்கவில்லை. “எங்க போகுதுன்னு யோசிக்கிறதை விடு தோஸ்த்,” என்றார். “எங்க குருத்வாராவுல பந்தியில உக்காந்தவன் வயிறு நிறைஞ்சுதான்னுதான் பாப்போம். எனக்கு வேற தெரியாது. என் தம்பி போனப்பவும் தெரியல. கூடம் நிறைய ஆளைக் கூட்டிச் சோறு போட்டேன். வீட்டுக்கு வந்தா அவன் செருப்பு வாசல்லயே கிடந்துச்சு.” சட்டென்று திரும்பிப் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

பாஸ்டர் சேமி இரண்டு பதில்களோடு வந்தார். “எங்க சபைப்படி அவங்க தூங்கறாங்க. கர்த்தர் எழுப்பற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. பசியும் தெரியாது. ஆனா இப்ப யூத மேசைக்காக நிறையப் படிக்கிறேன். அந்த முறையில சொல்லணும்னா, கல்லறைக்குப் போறப்போ பூ வேண்டாம், ஒரு சின்னக் கல் வச்சுட்டு வாங்க. இறந்த நாள்ல ஒரு விளக்கு ஏத்துங்க.” சற்று வெட்கத்தோடு சேர்த்துக்கொண்டார்: “நல்லா இருக்கு லியோங், அந்தக் கல் விஷயம். கல் வாடாது பாருங்க.”

கடைசியாகத் தலாதலா வந்தார். டை கட்டியிருந்தார்.

“லியோங், நான் மழுப்ப முடியாது. திதிலியா ஆண்டவர்கிட்ட இருக்கா. அங்க பசி இல்ல, தாகம் இல்ல. இந்தப் படையல் எல்லாம் வேண்டாம்.”

“பசியே இல்லையா?”

“இல்ல.”

“அவளுக்கா?”

தலாதலா டையைச் சற்றுத் தளர்த்தினார். திதிலியாவை அடக்கம் செய்தவர் அவர்தான். அதற்கு முன்னால் எத்தனையோ சபை விருந்துகளில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். தன் தட்டிலிருந்த மீன் தலை காணாமல் போவதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்திருக்கிறார். வேதத்தில் தெளிவாக எழுதியிருக்கும் விஷயம் அந்த நேரத்தில் அவ்வளவு தெளிவாக இல்லை. “ஜெபம் பண்றேன்,” என்று சொல்லிவிட்டு, வாங்க வந்த பேட்டரியை மறந்து போய்விட்டார்.

லியோங் குழாயைச் சரிசெய்து டம்ளர் கட்டினார். மைனாவுக்கு ஒரு பிடி வைத்தார். கல்லறையில் ஒரு கல் வைத்தார். ஒரு முதியவரைக் கூப்பிட்டுச் சோறு போட்டார். ஜெபத்தைத் தலாதலா பார்த்துக்கொள்வார். தட்டு மட்டும் ஒவ்வொரு மாலையும் வைத்தபடியே இருந்தது.

கண்காட்சி நாளன்று மண்டபம் ஊதுவத்தியும் பாலீஷும் மணத்தது. ஆறு மேசைகளுக்கும் வெள்ளைத் துணி விரித்திருந்தது. பாஸ்டர் சேமி தன் மேசையில் ஏழுகிளை விளக்கை டின்னில் வெட்டிச் செய்து வைத்திருந்தார். வந்தவர்களையெல்லாம் மடக்கிப் பிடித்துப் பாலைவனத்தில் நடந்த கதையைத் தானே நடந்தவர்போலச் சொன்னார். ஆறாவது மேசைக்கு மேலே தலாதலா எழுதிய பலகை தொங்கியது: ‘பௌத்தம்: ஆசையே துன்பத்துக்குக் காரணம். ஓர் உயிரையும் கொல்லார்.’

அந்தப் பலகைக்குக் கீழே லியோங் சிவப்பு மாடத்தைக் கொண்டுவந்து வைத்தார். சாமி, ஆரஞ்சு, திதிலியா. பிறகு ஒரு தட்டைத் திறந்தார். உள்ளே பலுசாமி. ஆள் பெயர்போலக் கேட்கும். ஆனால் சேப்பம் இலையில் தேங்காய்ப்பால் விட்டு, டின் மாட்டிறைச்சி வைத்துக் கட்டி வேகவைத்தது. திதிலியாவுக்கு உயிர். பக்கத்து மேசை பண்டிட்ஜியுடையது.

“லியோங்! அது மாடு!”

“ஆமா. அவளுக்கு அதுதான் பிடிக்கும்.”

“தலாதலா! இங்க வாங்க! கிருஷ்ணர் படத்துக்கு ஒரு முழம் தள்ளி மாடு வேகவச்சு வச்சிருக்காரு! அதுவும் உயிரைக் கொல்லாத மதத்து மேசையில!”

தலாதலா வந்தார். பலகையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். தான் எழுதியதற்கு இவ்வளவு சீக்கிரம் மறுப்பு வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. “அமைச்சர் வர்ற நேரம். தட்டை மட்டும் உள்ள எடுத்து வச்சிடுங்க லியோங். மத்ததெல்லாம் இருக்கட்டும்.”

“தட்டை எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு?”

“சாமி இருக்கு, படம் இருக்கு…”

“அவ இங்க சாப்பிட வந்தாளா, படமா நிக்க வந்தாளா?” லியோங் சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டு நாங்கள் கேட்டதில்லை. “நீங்க அஞ்சு பேரும் அஞ்சு சொன்னீங்க. எல்லாம் செஞ்சு பாத்துட்டேன். போகுதான்னு ஒருத்தரும் உறுதியாச் சொல்லல. பரவாயில்ல. உங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. இன்னியோட நிறுத்திடறேன்.”

அவர் ஆரஞ்சுகளை எடுத்துப் பையில் போட்டார். ஊதுவத்தியை விரலால் அணைத்தார். பண்டிட்ஜிக்கு முகம் தொங்கிவிட்டது. “நான் அப்படிச் சொல்லல லியோங்… கொஞ்சம் அந்தப் பக்கமா நகர்த்தினாலே…” என்று இழுத்தார். லியோங் திதிலியாவின் படத்தைத் துணியில் சுற்றுவதற்காகக் கையில் எடுத்தார்.

அப்போதுதான் உனைசி உள்ளே வந்தாள்.

உனைசி சந்தையில் மீன் விற்பவள். ஆஸ்திரேலியாவில் பழம் பறிக்கப் போயிருந்தவள் முந்தின நாள்தான் கப்பலில் வந்து இறங்கியிருந்தாள். அவள் மண்டபத்துக்குள் வருமுன்பே குரல் வந்துவிட்டது.

“அடியே திதிலியா! இங்கயா ஒளிஞ்சிருக்கே?”

மண்டபமே திரும்பியது. உனைசி நேரே லியோங்கிடம் போய் அவர் கையிலிருந்த படத்தைப் பிடுங்கி, மாடத்தில் திரும்ப வைத்து, இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“நான் ஊர்ல இல்லாத நேரம் பாத்து நைசாச் செத்துட்டியா? எனக்குச் சோறு போடணும்னு பயமா? எனக்குத் தெரியும்டீ உங்க தீவுக்காரங்க புத்தி. மீன் தலையை மடியில ஒளிச்சுக்கிட்டு விருந்தாளிக்கு முள்ளை வைக்கிற கூட்டம்! வெள்ளை உடுப்பு வேற! பாட்டுல ஒரு சுருதி சேந்ததில்ல, உனக்குப் பாடகர் குழு!”

பாஸ்டர் சேமி காதைப் பொத்திக்கொண்டார். உனைசியின் கண் தட்டின்மேல் விழுந்தது.

“ஓ… எனக்குத் தெரியாம பலுசாமியா?”

அவள் தட்டை இழுத்தாள். இலையைப் பிரித்தாள். நின்றபடியே, விரலால் வழித்து, சாப்பிட ஆரம்பித்தாள்.

“அம்மா! அது படையல்!” என்று கத்தியவர், சற்று முன்பு அந்தத் தட்டைப் பார்த்து அலறிய பண்டிட்ஜி. மௌல்வி சாப் “அல்லாஹ்!” என்றார். குர்மேஜ் சிங் தடுக்கப் போனார். தலாதலா கையை நீட்டி அவரை மறித்தார்.

“விடுங்க,” என்றார். “அவங்க ரெண்டு பேரும் தௌவு.”

மண்டபத்தின் பின்வரிசையிலிருந்த பெண்கள் ஏற்கெனவே வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் சில தீவுகளுக்கு இடையே அப்படி ஓர் உறவு உண்டு. ஒரு தீவுக்காரர் மற்றத் தீவுக்காரரை என்ன வேண்டுமானாலும் திட்டலாம், கோபப்படக் கூடாது. வீட்டில் புகுந்து எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம், தடுக்கக் கூடாது. சாவு வீட்டிலும் விடமாட்டார்கள். இரண்டு தீவும் ஒரே மூலத்திலிருந்து, ஒரே பழைய தெய்வத்திலிருந்து வந்தவை என்பது காரணம். அந்தத் தெய்வம் ஒழிந்துபோனது என்று தலாதலா வருஷம்தோறும் பிரசங்கம் செய்வார். மண்டபத்தில் அதற்கு மேசை போட யாருக்கும் தோன்றவில்லை. அதற்கு மேசை தேவைப்பட்டதாகவும் தெரியவில்லை.

“உப்பு இல்ல,” என்று உனைசி வாய் நிறைய வைத்துக்கொண்டு படத்திடம் சொன்னாள். “இது உன் கை இல்ல. புருஷனைச் சமைக்க விட்டுட்டு நீ மேல உக்காந்துக்கிட்டியா, சோம்பேறி?” சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்து தாடையில் தொங்கியது. புறங்கையால் துடைத்துவிட்டு அடுத்த வாய் எடுத்தாள்.

லியோங் அசையாமல் நின்றார். “உனைசி,” என்றார். “நான் வைக்கிறது அவளுக்குப் போகுதா?”

“என்ன கேள்வி இது?”

“இவங்க யாருக்கும் தெரியல.”

உனைசி அவரை ஏற இறங்கப் பார்த்தாள், சந்தையில் விலை தெரியாமல் மீன் கேட்பவரைப் பார்ப்பதுபோல. “நான் இப்ப யார் தட்டுலேருந்து பிடுங்கித் தின்னுக்கிட்டிருக்கேன்? அவ தட்டுலேருந்து. உன் தட்டுன்னா நான் தொடுவேனா? நீ எனக்குத் தௌவு இல்ல. தொட்டா அது திருட்டு. அவ வாங்கி முன்னால வச்சிருந்தாத்தானே நான் பிடுங்க முடியும்? இல்லாதவகிட்டேருந்து எப்படிய்யா பிடுங்கறது?”

தட்டில் இலை மட்டும் மிஞ்சியது. அதையும் வழித்துவிட்டு மேசைமேல் வைத்தாள்.

லியோங் அந்தக் காலித் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரித்தார். கண்ணாடியைக் கழற்ற வேண்டியிருந்தது. பண்டிட்ஜி தன் மேசையிலிருந்த ஊதுவத்திகளில் ஒன்றை உருவி, லியோங்கின் மாடத்தில் ஏற்றி வைத்தார்.

துணையமைச்சர் வந்தபோது எல்லாரும் பிரார்த்தனை செய்தார்கள். அதை விவரிக்கவில்லை, கேட்டவர்களுக்கே இன்னும் முழுதாக விழிப்பு வரவில்லை. கடைசியில் அவர் மேசை மேசையாக வந்து ஆறாவதன் முன் நின்றார். ‘ஆசையே துன்பம்’ என்ற பலகை. கீழே காலித் தட்டு. தேங்காய்ப்பால் கறை.

“இங்க என்ன கொள்கை?” என்றார்.

“போகுது சார்,” என்றார் லியோங்.

“எது?”

“வைக்கிறது.”

துணையமைச்சர் காலித் தட்டை நெடுநேரம் பார்த்தார். புரியாத இடத்தில் தலையாட்டித்தான் அவர் அந்தப் பதவிக்கு வந்தவர். “சூன்யம்,” என்று உதவியாளரிடம் மெல்லச் சொன்னார். “ரொம்ப ஆழம்.”

விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது லியோங் உனைசியைத் தேடிப் போனார். “நாளைக்குக் காலையில வருவியா?”

“நீ கூப்பிட்டா வரமாட்டேன்,” என்றாள். “கூப்பிட்டு வந்து தின்னா அதுக்குப் பேரு விருந்து. அவளுக்கு அவமானம். நான் வர்றப்ப வருவேன். நீ பாக்கக் கூடாது.”

மறுநாள் காலை லியோங் தேங்காய் துருவினார். உப்பை இரண்டு முறை போட்டுப் பார்த்தார். திதிலியாவின் முன் தட்டை வைத்துவிட்டு, மாடத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, ஏற்கெனவே ஒழுங்காக இருந்த டின் மீன்களை எடுத்து எடுத்து மறுபடி அடுக்கினார். பேட்டரி வாங்க வந்த தலாதலா கேட்கவந்ததைக் கேட்காமல் வாசலிலேயே காத்து நின்றார். பின்கதவு கிரீச்சிட்டது. யாரோ யாரையோ கஞ்சப் பிசினாறி என்று திட்டுவது காதில் விழுந்தது. தட்டு நகர்ந்தது.

லியோங் திரும்பவில்லை. அடுத்த வரிசை டின்களை இறக்கினார்.